பச்சைத்தோல் கிடங்கில் ஒரு கேக் கடை

டைம் ஆபீஸ் மேஜை மேல் சாவிகளை வரிசையாகப் பரப்பி வைத்திருந்தார்கள். ஒவ்வொரு சாவியிலும் ஒரு பழைய பித்தளை டோக்கன் கட்டியிருந்தது. கம்பெனி ஓடிய நாளில் தொழிலாளிகள் காலையில் உள்ளே வரும்போது பலகையில் மாட்டிவிட்டுப் போன அதே டோக்கன்தான். இப்போது அதன் மேல் வெள்ளைப் பெயிண்டில் கடை எண் எழுதியிருந்தது.

"சர்வீஸ் சீனியாரிட்டிப்படி கூப்பிடுவேன். வந்து எந்த இடம் வேணுமோ அந்தச் சாவியை எடுத்துக்கணும். எடுத்தப்புறம் மாத்திக் கேட்டா நடக்காது, சொல்லிட்டேன்" என்றார் மானேஜர்.

மூன்று பேர் எடுத்து முடித்தார்கள். நாலாவதாக என் பெயரைக் கூப்பிட்டார்.

நான் எடுக்கவேண்டியது இரண்டாம் எண். பழைய சைக்கிள் ஷெட். மெயின் கேட்டை ஒட்டி ஜி.எஸ்.டி. ரோட்டைப் பார்த்த இடம். சின்னதுதான், ஆனால் ஒரு கேக் கடைக்கு அது போதும் என்று நானும் என் வீட்டுக்காரர் ஜெபராஜும் ஒரு வாரமாகப் பேசி முடிவு செய்திருந்தோம். அன்றைக்குக் காலையில்கூட, "ரெண்டாம் நம்பர், மறந்துடாதே" என்று சொல்லித்தான் அனுப்பினார்.

கையை நீட்டினேன். ஏழாம் எண் சாவியை எடுத்தேன். பச்சைத்தோல் கிடங்கு.

எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த, என்னோடு டைம் ஆபீஸில் வேலை பார்த்த அம்சா மூச்சை உள்ளே இழுத்தது நன்றாகக் காதில் விழுந்தது. உண்மையைச் சொன்னால் அந்தச் சத்தத்தைக் கேட்பதற்காகத்தான் அந்தச் சாவியை எடுத்தேன். இத்தனை வருஷம் கழித்து இதை ஒப்புக்கொள்வதில் எனக்கு என்ன வெட்கம்?

காலையில் நடந்தது இதுதான். கொஞ்சம் சீக்கிரம் போய்விட்டதால் வளாகத்தைச் சுற்றிப் பார்த்துக்கொண்டு வந்தேன். பச்சைத்தோல் கிடங்குக்குள் அம்சா தனியாக நின்றுகொண்டிருந்தாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சுவரோரமாக அடி மேல் அடி வைத்து நீளத்தை அளந்துகொண்டிருந்தாள்.

"எஸ்தரு, உள்ள வாயேன். எம்மாம் பெர்ஸா கீது பாத்தியா? இந்த மூலைல அடுப்பு, அந்தாண்ட டேபுளு. கல்யாண மண்டபம் கணக்கா ஆய்டும்" என்றாள்.

அண்ணாந்து உத்தரத்தைப் பார்த்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு ஆசையை நான் அதுவரை பார்த்ததே இல்லை.

"நீ சைக்கிள் ஷெட்டுதானே சொன்ன? அப்ப எனுக்குத்தான் இது. உனுக்கு முன்னாடி மூணு பேரு கடை போடுறது மெடிக்கலு, துணி, பாத்திரம். அவுங்களுக்கு இது வேணாம்."

அவ்வளவுதான். அந்த இடத்தைப் பற்றி நான் அதுவரை நினைத்துக்கூடப் பார்த்ததில்லை. அவள் ஆசைப்பட்டாள் என்று தெரிந்த நிமிஷமே, அது இல்லாவிட்டால் உயிர் வாழ முடியாது போல ஆகிவிட்டது.

சாவியோடு என் நாற்காலிக்குத் திரும்பியபோது அவள் என் கையைப் பிடித்து அழுத்தினாள். "பரவால்ல எஸ்தரு. உனுக்குத்தான் அது பொருத்தமா இருக்கும். நல்லா வரும் பாரு" என்று சிரித்தாள். கண்ணில் தண்ணீர் இருந்தது. ஆனாலும் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் ஜெயித்த சந்தோஷமெல்லாம் எனக்குப் போய்விட்டது.

அடுத்து அவள் பெயர். அவள் சைக்கிள் ஷெட் சாவியை எடுத்துக்கொண்டாள்.

கைக்குட்டைகள்

இந்தத் தொடரை இடையில் படிக்கத் தொடங்கியவர்களுக்காக ஒரு வார்த்தை. குரோம்பேட்டையில் ஒரு தோல் கம்பெனியில், டைம் ஆபீஸில், பன்னிரண்டு வருஷம் குமாஸ்தாவாக இருந்தேன். வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடங்கள். சிவப்புச் செங்கல், ஓட்டுக் கூரை, ஒரு புகைபோக்கி, காலையும் மாலையும் ஊதுகிற சங்கு. அந்தச் சங்கை வைத்துத்தான் அஸ்தினாபுரம் வரைக்கும் உலை வைப்பார்கள்.

அங்கே லாரியில் வந்து இறங்குவது பச்சைத்தோல். அதாவது மாட்டிலிருந்து உரித்து, கெடாமல் இருக்க உப்புத் தடவி மடித்த தோல். அது வந்து குவிகிற இடம்தான் பச்சைத்தோல் கிடங்கு. அதற்கப்புறம் சுண்ணாம்புக் குழி, மருந்துத் தொட்டி என்று ஒவ்வொரு கொட்டகையாகப் போய்க் கடைசியில் பளபளவென்று வெளியே வரும்.

நாற்றமா? வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் மத்தியானச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோனேன். இரண்டாவது வாரம் தயிர்சாதம் மட்டும் இறங்கியது. மூன்றாவது மாதம், கிடங்கு வாசலில் உட்கார்ந்து கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டுக்கொண்டே கணக்குப் பார்த்தேன். எல்லாருக்கும் அப்படித்தான். மூக்கு கெட்டுப்போகவில்லை. மல்லிகைப்பூ மணக்கும், பால் தீய்ந்தால் தெரியும். கம்பெனி வாடை மட்டும் எங்களுக்கு வாடை இல்லை. அது வெறும் காற்று.

நான் தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் வருவேன். சானடோரியம் ஸ்டேஷன் தாண்டியதும் பெட்டியில் இருக்கிறவர்கள் ஒவ்வொருவராகக் கைக்குட்டையையும் முந்தானையையும் எடுத்து மூக்கில் வைப்பார்கள். அதைப் பார்த்துத்தான் நான் இறங்குவதற்கு எழுந்திருப்பேன். ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்க்கவேண்டிய அவசியமே இருந்ததில்லை.

எண்பதுகளின் கடைசியில் கம்பெனியை மூடினார்கள். அந்தக் கதையைப் போன வாரமே சொல்லிவிட்டேன், மறுபடி அழ எனக்குத் தெம்பில்லை. முதலாளியின் பேரன் வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவர். அங்கே பழைய மில்களை இடிக்காமல் கடைகளாகவும் ஓட்டல்களாகவும் மாற்றி வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறார். நம்முடையதையும் அப்படியே செய்வோம் என்றார். யூனியன்காரர்கள் விடாமல் பேசி ஒரு ஷரத்தை வாங்கினார்கள். கடை வைக்க விரும்புகிற பழைய ஊழியர்களுக்குத்தான் முதலில் இடம், அதுவும் சீனியாரிட்டிப்படி. அப்படி வந்ததுதான் அந்தச் சாவி.

அம்சா என்கிற தலைவலி

அம்சா எனக்கு ஒரு மாதம் ஜூனியர். குரோம்பேட்டையே அவள் ஊர். அவள் அப்பாவுக்கு அங்கே வயல் இருந்தது. பிறகு அது மனையாகி, தெருவாகி, அந்தத் தெருவுக்கு அவர் பெயரே வந்தது. நானோ பிழைப்புக்காகத் தெற்கேயிருந்து தாம்பரம் வந்த தமிழ் வாத்தியார் ஒருவரின் மகள். வாடகை வீடு, ஞாயிற்றுக்கிழமை கோயில், கிறிஸ்துமஸுக்குப் பிளம் கேக். எங்கள் வீட்டுக் கேக்குக்குத் தாம்பரம் கிழக்கில் ஒரு பெயர் உண்டு. அதை நானே சொல்லிக்கொண்டால்தான் உண்டு என்பது வேறு விஷயம்.

எங்கள் இரண்டு பேருக்கும் எதிரெதிர் மேஜை. அவள் வந்த நாளிலிருந்து என் நிம்மதி போயிற்று. அவள் எனக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை, அதுதான் பேஜார். மானேஜர் அவளைப் பார்த்தால் சிரிப்பார், என்னைப் பார்த்தால் ஃபைலைக் கேட்பார். லோடு இறக்குகிறவர்கள் அவளுக்கு மட்டும் நுங்கு வாங்கி வருவார்கள். மிச்சம் இருந்தால் எனக்கு.

நான் பிளாக் அண்ட் ஒயிட் டிவி வாங்கினேன். எங்கள் தெருவில் அது இரண்டாவது டிவி. மறுநாள் ஆபீஸில் சாதாரணமாகச் சொல்வது போலச் சொன்னேன். "அப்படியா, ரொம்ப சந்தோசம் எஸ்தரு!" என்று அவள் எழுந்து வந்து என் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தாள். இரண்டு மாதத்தில் அவள் வீட்டில் கலர் டிவி வந்தது. அதை அவள் சொல்லவே இல்லை. டிவி மெக்கானிக் சொல்லித் தெரிந்துகொண்டேன்.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, என்னுடைய ஏதாவது ஒன்றைப் பார்த்து அவள் முகம் சுண்டவேண்டும். பன்னிரண்டு வருஷம் காத்திருந்தேன். என் பையன் பரீட்சையில் முதலாக வந்தபோது பார்த்தேன், நான் பட்டுப்புடவை கட்டிப் போனபோது பார்த்தேன். "நல்லா கீது எஸ்தரு" என்று முகமெல்லாம் பூரிப்பாள். நான் அவளைப் பார்த்து வெந்து சாகிறேன், அவளுக்கு என்னைப் பார்த்துப் பொறாமைப்படக்கூடத் தோன்றவில்லை என்றால் நான் என்னதான் பிறவி?

செங்கல் தெரியணும்

கோடை முழுக்க வேலை நடந்தது. நகரத்திலிருந்து ஒரு ஆர்க்கிடெக்ட் அம்மா வந்து போய்க்கொண்டிருந்தார். பழசு பழசாகவே தெரியவேண்டும் என்பது அவர் கொள்கை. சுண்ணாம்புப் பூச்சை முழுக்கச் சுரண்டி எடுக்கச் சொன்னார். "செங்கல் தெரியணும். அதுதான் இந்த இடத்தோட அழகு" என்றார். மருந்துத் தொட்டிகளை மூடி மேலே கல் பாவினார்கள். பாய்லர் ரூம் ரெடிமேட் துணிக்கடை ஆயிற்று. சங்கு இருந்த இடத்தில் ஐஸ்கிரீம் பார்லர்.

என் ஏழாம் எண்ணில் செங்கலுக்கு மேல் வார்னிஷ் அடித்தார்கள். கிடங்குக்குள் நின்று பார்த்தபோது எனக்கே மலைப்பாக இருந்தது. இத்தனை பெரிய இடத்தில் வெறும் கேக்கா விற்பது? ரெஸ்டாரன்ட் என்று முடிவு செய்தேன். வட்ட மேஜைகள், கட்டம் போட்ட துணி விரிப்பு, கண்ணாடி பீரோவில் கேக், கட்லெட், மட்டன் பஃப்ஸ். கம்பெனி கொடுத்த செட்டில்மென்ட் முழுக்க அந்தக் கிடங்குக்குள் போயிற்று. இது தோற்றால் எனக்கு இரண்டாவது வாய்ப்புக் கிடையாது என்று தெரிந்துதான் இறங்கினேன்.

ஜெபராஜ் தலையில் கை வைத்துக்கொண்டார். "ரெண்டாம் நம்பர்னு தானே சொல்லி அனுப்பினேன்?" என்று கேட்டார். "அது சின்னது" என்றேன். நான் அவரிடம் சொன்ன பொய்களில் அது ஒன்றும் பெரியதில்லை.

அம்சா சைக்கிள் ஷெட்டில் நாலு தூணுக்கு நடுவே ஒரு மேடை கட்டினாள். ஆறு ஸ்டூல் போட்டாள். இட்லி, வடகறி, இடியாப்பம், டீ. சுவர்கூடக் கிடையாது. எனக்கு அவ்வளவு திருப்தி.

மழை வந்தது

முதல் நாலு மாதம் நன்றாகத்தான் போயிற்று. ஆடம்பரமாக இல்லை, ஆனால் ஓடியது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் பல்லாவரத்திலிருந்துகூட ஸ்கூட்டரில் குடும்பமாக வந்தார்கள். கேட்டைத் தாண்டி உள்ளே வருகிறவர்களை அம்சா கையைக் காட்டி அனுப்புவாள். "உள்ளாற போங்க சார், கேக்கு சூப்பரா இருக்கும்" என்பாள். அவள் அனுப்பி எனக்கு வியாபாரமா என்று அதற்கும் எரிந்தேன்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. கிடங்குச் சுவரில் செங்கலுக்குச் செங்கல் வெள்ளையாகப் பூத்தது. துடைத்தால் அடுத்த நாள் மறுபடி பூக்கும். தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன், உப்பு. எத்தனை வருஷத்து உப்பு குடித்த சுவர் அது, விடுமா? வேலைக்கு வைத்திருந்த இரண்டு பேரும் பழைய கம்பெனி ஆட்கள்தான். துடைத்துக்கொண்டே இருந்தார்கள்.

ஒரு விஷயம் சொன்னால் நம்பமாட்டீர்கள். அந்த மழைக்காலத்தில் காலையில் கடையைத் திறந்து உள்ளே நுழையும்போதெல்லாம் எனக்கு மனசு இதமாக இருக்கும். ஏதோ சொந்த இடத்துக்கு வந்துவிட்ட மாதிரி. ஒரு நாள் கண்ணை மூடி நன்றாக மூச்சை இழுத்துக்கொண்டு, "நம்ம கம்பெனியிலேயே இருக்கிற மாதிரி இல்ல?" என்று வேலையாட்களிடம் கேட்டேன். "ஆமாக்கா" என்று அவர்களும் சிரித்தார்கள்.

வாடிக்கையாளர்கள் வருவார்கள். உட்காருவார்கள். மெனு கார்டைத் திருப்புவார்கள். ஒருவர் காதில் ஒருவர் ஏதோ சொல்வார்கள். "இன்னொரு நாள் வர்றோம் மேடம், குழந்தைக்கு லேசா காய்ச்சல்" என்று எழுந்துவிடுவார்கள். காய்ச்சல் அடிக்கிற குழந்தை ஐந்தாவது நிமிஷம் அம்சா கடை ஸ்டூலில் உட்கார்ந்து இடியாப்பத்துக்குத் தேங்காய்ப்பால் ஊற்றச் சொல்லிக்கொண்டிருக்கும்.

எலுமிச்சம்பழம்

என் கடையிலிருந்து பார்த்தால் வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம் அவள் கடை தெரியும். நான் வேலை எதுவும் செய்யாமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். மழையில் நனைந்துகொண்டு ஜனம் நிற்கிறது. ஆறு ஸ்டூல் பன்னிரண்டு ஆயிற்று. தார்ப்பாய் கட்டினாள். எனக்கு அவள் இட்லி மேலே கோபம், தார்ப்பாய் மேலே கோபம், அவள் அடுப்பிலிருந்து வருகிற புகை மேலே கோபம்.

அவள் என்னவோ செய்துவிட்டாள் என்று முடிவுக்கு வந்தேன். வெள்ளிக்கிழமைதோறும் அவள் கடையில் சாம்பிராணி போடுவாள். அந்தத் தட்டை எடுத்துக்கொண்டு என் கடை வாசலுக்கும் வந்து ஒரு சுற்றுக் காட்டிவிட்டுப் போவாள். "உனுக்கும் சேத்து எஸ்தரு" என்பாள். ஏன் என் வாசலுக்கு வரவேண்டும்? ஒரு நாள் கடை திறக்கும் முன்பே வந்து, மிதியடியைத் தூக்கி, வாசற்படியைச் சுரண்டி, நிலைக்கு மேலே கையை விட்டுத் துழாவினேன். மந்திரித்த எலுமிச்சம்பழம் ஏதாவது வைத்திருக்கிறாளா என்று. ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவள் நான், கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒன்றும் இல்லை. பழம் கிடைத்திருந்தால் நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

ஜெபராஜிடம் புலம்பினேன். அவர் அடிக்கடி கடைக்கு வந்து உட்காருவார். அவருக்கும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. எப்படித் தெரியும்? பன்னிரண்டு வருஷம் என் புடவையோடு குடும்பம் நடத்திய மனுஷன்!

பிறந்தநாள்

கார்த்திகையில் ராதா நகரிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. அவர்கள் வீட்டுக் குழந்தைக்கு முதல் பிறந்தநாள். வீடு சின்னது, மழை வேறு, அதனால் உங்கள் இடத்திலேயே வைத்துக்கொள்கிறோம், நாற்பது பேர் வருவோம் என்றார்கள். வந்து பேசினவர் வாசலில் குடையைப் பிடித்தபடி நின்று பேசிவிட்டுப் போனார். உள்ளே வரவில்லை.

எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. இது நல்லபடியாக நடந்தால் நாற்பது பேர் நாற்பது வீட்டில் சொல்வார்கள், கடை பிழைத்துவிடும். மூன்று அடுக்கில் கேக் செய்தேன். மேலே வெள்ளை ஐசிங்கில் ஒரு வாத்து. கதவையும் ஜன்னலையும் சாத்தி, சாரல் அடிக்காமல் பார்த்துக்கொண்டேன். ஆமாம், சாத்தினேன். உள்ளே கதகதப்பாக இருக்கட்டும் என்று அடுப்பையும் அணைக்கவில்லை.

சாயங்காலம் ஐந்து மணிக்கு வந்தார்கள். அம்சா தன் கடை வாசலில் நின்று அவ்வளவு பேரும் என்னிடம் போவதைப் பார்த்தாள். பார்க்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

எல்லாரும் உள்ளே வந்து நின்றார்கள். யாரும் உட்காரவில்லை. கடைசியாக அந்த வீட்டுப் பெரிய மருமகள் வந்தாள். நாலு மாதம் முழுகாமல் இருந்தாள். வாசற்படியைத் தாண்டி இரண்டு அடி வைத்தவள் அப்படியே வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி ஓடினாள். வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தாள்.

"ஐயோ அத்தே, உள்ளே என்னமோ செத்துக் கிடக்கு! ஆடோ மாடோ செத்து அழுகிப்போயிருக்கு!" என்று கத்தினாள்.

அவள் கத்தினதும் மற்றவர்களுக்கும் தைரியம் வந்துவிட்டது. "நானும் அப்பவே நெனச்சேன்." "சொன்னா மரியாதையா இருக்காதேன்னு பார்த்தேன்." ஒவ்வொருவராகக் கைக்குட்டையை எடுத்தார்கள். முந்தானையை எடுத்தார்கள். நாற்பது பேரும் மூக்கைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார்கள்.

சானடோரியம் தாண்டிய ரயில் பெட்டிக்குள் நிற்கிறேன் என்று எனக்குப் புரிய அரை நிமிஷம் ஆயிற்று. காலையும் மாலையும் நான் இழுத்து இழுத்துச் சந்தோஷப்பட்டது இதைத்தானா! மழைக்கு அந்தச் சுவர் உப்போடு சேர்த்து நூறு வருஷத்துப் பச்சைத்தோலையும் கக்கிக்கொண்டிருக்கிறது. நான் அதற்குள்ளே கேக் விற்கிறேன்.

பெரியவர் ஒருவர் நயமாகத்தான் பேசினார். "கேக் மட்டும் குடுத்துடுங்கம்மா, வெளியில வெச்சு வெட்டிக்கிறோம்." அம்சா அதற்குள் ஓடி வந்து ஸ்டூல்களையெல்லாம் ஒதுக்கி, மேடையைத் துடைத்து, தார்ப்பாயை இழுத்துக் கட்டிவிட்டாள். என் மூன்றடுக்குக் கேக்கை என் கையாலேயே தூக்கிக்கொண்டுபோய் அவள் மேடையில் வைத்தேன். அங்கே வைத்துத்தான் வெட்டினார்கள். "கேக் பிரமாதம்" என்று அத்தனை பேரும் அவளிடம் சொன்னார்கள். என்னிடம் சொல்ல யாருக்கும் முகமில்லை.

அம்சா சொன்னது

ஏழு மணிக்குள் எல்லாரும் போய்விட்டார்கள். அடுத்து வந்த வாரங்களில் அந்தக் கிடங்கை என்னென்னவோ செய்து பார்த்தோம். ஆசிட் ஊற்றிக் கழுவினோம், சிமென்ட் பூசினோம். பூச்சு ஒரே மாதத்தில் உதிர்ந்துவிட்டது. தை பிறந்ததும் சாவியைத் திருப்பிக் கொடுத்தேன். இப்போது அங்கே டயர் கடை. ஆனால் கடை போய்விட்டது என்பது எனக்கு அந்த ஏழு மணிக்கே தெரிந்துவிட்டது.

அன்றைக்கு எல்லாரும் போன பிறகு அம்சா ஒரு தட்டில் இட்லியும் வடகறியும் வைத்து என் முன்னால் நீட்டினாள். நான் தொடவில்லை.

"உனக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

கரண்டியைக் கீழே வைத்தாள். "தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"மழை வந்த மொதோ வாரத்துலேர்ந்து. எனுக்கும் நாத்தம் தெர்ல எஸ்தரு, என் மூக்கும் உன் மூக்கு மாதிரிதானே? உங்கிட்ட வந்துட்டு எழுந்து வர்றாங்க இல்ல, அவுங்கதான் இங்க வந்து சொல்லுவாங்க. தெனம் சொல்லுவாங்க."

"தெனம் சொன்னாங்க. நீ ஒரு நாள்கூட எங்கிட்ட சொல்லல."

"சொன்னா நீ நம்பியிருப்பியா? பொறாமையில சொல்றேன்னு சொல்லியிருப்ப. அதான் சாம்பிராணியாச்சும் போடலாம்னு எடுத்தாந்தேன்."

அது உண்மைதான். நம்பியிருக்கமாட்டேன். ஆனால் அதோடு விட எனக்கு மனமில்லை. "அவ்ளோதானா? வேற ஒண்ணும் இல்லையா?" என்று கேட்டேன்.

அம்சா முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

"கீது. இன்னாத்துக்கு மறைக்கணும்? அந்தக் கொட்டாயி மேல எனுக்கு எம்மாம் ஆசை தெரியுமா? நீ சாவிய எடுத்தப்போ உன் கைய ஒடிக்கலாம்னு வந்துச்சு. நீ அந்தக் கட்டம் போட்ட துணி விரிச்சி, பீரோல லைட்டு போட்டு ராணி மாதிரி உக்காந்துகினு இருப்ப. நான் இங்க பொகைல வெந்துகினு பாப்பேன். வயிறு எரியும். மொதோ ஆளு வந்து அங்க நாறுதுன்னு சொன்னான் பாரு, அன்னிக்கு எனுக்கு எப்டி இருந்துச்சு தெரியுமா? ஜில்லுன்னு இருந்துச்சு. நாளைக்கு சொல்லிக்கலாம், நாளைக்கு சொல்லிக்கலாம்னு தள்ளிட்டேன். போதுமா? இப்ப அடிக்கணும்னா அடி."

அடித்திருக்கவேண்டும். யாராக இருந்தாலும் அடித்திருப்பார்கள். என் பன்னிரண்டு வருஷ உழைப்பு முழுக்க எதிரே இருட்டிக்கொண்டு கிடக்கிறது. இவள் வாயைத் திறந்திருந்தால் மழை ஆரம்பித்த வாரத்திலேயே ஏதாவது செய்திருக்கலாம்.

நான் ஸ்டூலை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

"எந்தத் துணி? நீலக் கட்டமா, சிவப்பா?" என்று கேட்டேன்.

"செகப்பு."

"வேற?"

"வேறன்னா?"

"அதுக்கு முன்னாடி. ஆபீஸ்ல. ஏதாவது உண்டா?"

அம்சா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். இவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டதா என்று நினைத்திருப்பாள். "போனு" என்றாள் கடைசியில்.

"என்ன போன்?"

"டைம் ஆபீஸ் போனு. மெட்ராஸ்லேர்ந்து பார்ட்டிங்க போன் பண்ணுவாங்க இல்ல? மணி அடிச்சா நீ எடுத்து இங்கிலீஷ்ல தஸ்ஸுபுஸ்ஸுன்னு பேசுவ. எனுக்கு ஒண்ணும் வராது. மணி அடிச்சாலே நான் ஃபைலு எடுக்கற மாதிரி எழுந்து போய்டுவேன். ஒரு தபா பாத்ரூம்ல போய் அழுதுட்டுகூட வந்தேன். பன்னெண்டு வருசம் எஸ்தரு, அந்தப் போனு அடிக்கும்போதெல்லாம் நீ செத்துப் போவணும்னு வேண்டிகினு இருந்தேன்."

நான் தட்டை எடுத்துக்கொண்டேன். இட்லி ஆறிப்போயிருந்தது. நாலையும் சாப்பிட்டேன், இன்னும் இரண்டு போடச் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டே, "பாத்ரூம்ல எவ்வளவு நேரம் அழுதே?" என்று கேட்டேன். அவள் சொன்னாள். இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன்.

இப்போது என் கேக்கெல்லாம் அவள் கடைக் கண்ணாடிப் பெட்டியில்தான் விற்கிறது. குரோம்பேட்டையில் அதற்கு அம்சா கடைக் கேக் என்றுதான் பெயர். அந்தப் பெயரைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டுதான் வருகிறது. வரட்டும்.

அந்தப் போனில் பன்னிரண்டு வருஷமும் நான் பேசியது மொத்தம் மூன்று வாக்கியம். மானேஜர் சீட்டில் இல்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கூப்பிடுங்கள். நன்றி. ஜெபராஜ் எழுதிக்கொடுத்து நான் மனப்பாடம் செய்தது. எதிர்முனையில் இருப்பவர் இங்கிலீஷில் நாலாவதாக ஏதாவது கேட்டால் லைன் சரியில்லை என்பது போலப் போனை வைத்துவிடுவேன்.

இதை அவளிடம் நான் சொன்னதில்லை. இதைப் படிக்கிற குரோம்பேட்டைக்காரர்கள் யாரும் இட்லி சாப்பிடப் போன இடத்தில் அவளிடம் சொல்லிவைக்காதீர்கள்.